கவர்னரின் பல்வலி

அக்கா: சட்டையைத் தடவாதடா. பாக்கிறவங்க நெஞ்சுவலின்னு நினைச்சு ஓடி வரப் போறாங்க.

தம்பி: வேர்க்குதுக்கா. பிளாஸ்டிக் கவர் வயித்தோட ஒட்டிக்கிச்சு.

அக்கா: நனைஞ்சிடப் போகுது! நூத்தம்பது வருஷமா நனையாம இருந்த கடுதாசி... உன் தொப்பையில வந்தா நனையணும்?

தம்பி: நீ வேற. அந்த மேடம் நம்மளையே பாக்கறாங்க.

அக்கா: ஆவணக் காப்பகத்துல பாக்கத்தான் உக்கார வச்சிருக்காங்க. பெட்டியைத் திற. குனிஞ்சு படிக்கிற மாதிரி இரு.

தம்பி: இவ்வளவும் அந்தக் கவர்னர் எழுதினதா?

அக்கா: அவன் அண்ணனுக்கு. ஊரை ஆண்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எழுதியே தீத்திருக்கான்.

தம்பி: பேசாம தபால்ல போட்டிருக்கலாம். அனுப்பினவன் பேரே இல்லாம...

அக்கா: யார்கிட்ட இருந்துச்சுன்னு தேட மாட்டாங்களா? நாளைக்கு ஸ்கேன் பண்றவங்க வர்றாங்க. ஒவ்வொரு தாளா எடுத்து வைப்பாங்க. ஒண்ணு குறைஞ்சா, இந்தப் பெட்டியைக் கடைசியா வாங்கினது யாருன்னு சீட்டைப் பாப்பாங்க. சீட்டுல அப்பா கையெழுத்து.

தம்பி: இப்ப அதுக்குக் கீழ என் கையெழுத்து!

அக்கா: ஆமா... அதை நான் யோசிக்கல.

தம்பி: நல்லா இருக்கு. ஏன்க்கா, அப்பா திருடியிருப்பாருன்னு நிஜமாவே நம்புறியா?

அக்கா: சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு நடுவுல இருந்துச்சுடா. அந்த ஃபைலைத்தானே சாகற வரைக்கும் யாரையும் தொட விடாம வச்சிருந்தார்? தவறி வந்ததா இருந்தா மறுநாளே ஓடி வந்து கொடுத்திருப்பார்.

தம்பி: அப்படி என்னதான் இருக்கு இதுல?

அக்கா: பல்வலி.

தம்பி: என்னது?

அக்கா: கடைவாய்ப் பல் குத்துது, தூக்கம் இல்ல, இந்த ஊர்ல உருப்படியா ஒரு வைத்தியன் இல்லன்னு ஒரு பக்கம் புலம்பியிருக்கான். கடைசியில ரெண்டே வரி. இன்னைக்குக் காலையில துறைமுகக் கூலிக்காரங்களைச் சுடச் சொன்னேன்... அந்தச் சத்தத்துல பல்வலி இன்னும் ஏறிடுச்சு. அவ்வளவுதான்.

தம்பி: அடப்பாவி...

அக்கா: அப்பா புத்தகத்துல இந்தத் தாளை முழுப் பக்கம் போட்டோவா போட்டிருக்காரே. நீ படிக்கலையா?

தம்பி: அட்டையைப் பாத்தேன்.

அக்கா: அம்மாகிட்ட சொல்லிடாத. ஞாயித்துக்கிழமை காலேஜ் லைப்ரரிக்கு அப்பா பேர் வைக்கிறாங்கன்னு ஃபோன்ல ஒருத்தரை விடாம சொல்லிட்டு இருக்காங்க. இப்பப் போய் வாத்தியார் திருடிட்டார்னு பேப்பர்ல வந்தா... எனக்குப் பயமா இருக்குடா.

தம்பி: நீயே பயந்தா நான் என்ன பண்றது? உன்னை நம்பித்தானே வந்தேன்!

அக்கா: மெதுவா... மேடம் ஃபோனை எடுத்துட்டாங்க. இப்ப. உருவு.

தம்பி: இரு... பட்டன்ல மாட்டிக்கிச்சு... வந்துடுச்சு. எங்க வைக்கணும்?

அக்கா: மூலையில பென்சில்ல நம்பர் போட்டிருக்கும். இது முப்பத்தெட்டு. முப்பத்தேழுக்கு அடியில சொருகு.

தம்பி: ...அக்கா.

அக்கா: சீக்கிரம்டா!

தம்பி: முப்பத்தெட்டு இங்க இருக்கு.

அக்கா: தெரியுது. அதை உள்ள வை.

தம்பி: என் கையில இருக்கிறது இல்ல. பெட்டிக்குள்ளயே ஒண்ணு இருக்கு. அதே பல்வலி... அதே மசிக் கறை.

அக்கா: கொடு அதை. ரெண்டையும் இப்படி வை... இல்ல, இதை அந்தப் பக்கம்... கடவுளே. ஒரு புள்ளி கூட மாறல.

தம்பி: அப்ப அப்பாகிட்ட இருந்தது வெறும் நகலா? அவர் திருடவே இல்லையா?

அக்கா: அப்படித்தான் இருக்கணும்! நம்மளுதை எடுத்து உள்ள வச்சுக்க, கிளம்பலாம்.

தம்பி: எது நம்மளுது?

அக்கா: உன் கையில இருந்ததுடா.

தம்பி: நீதானே வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி வச்ச!

அக்கா: கத்தாத... ஐயோ, வர்றாங்க.

மேடம்: இங்க பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கு, பாக்கலையா? தம்பி, கையை எடுங்க.

தம்பி: எந்தக் கையை மேடம்?

மேடம்: ரெண்டையும்.

தம்பி: நாங்க எதையும் எடுத்துட்டுப் போக வரல மேடம். வைக்கத்தான்...

அக்கா: நீ வாயை மூடு. மேடம், இவனுக்கு ஒண்ணும் தெரியாது...

மேடம்: நீங்க சாரோட பிள்ளைங்கதானே? உள்ள நுழையும்போதே மூக்கைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டேன்.

அக்கா: மேடம், கால்ல விழறேன். போலீஸ் வேண்டாம். அப்பா போய்ச் சேந்துட்டார், அம்மாவை நினைச்சுப் பாருங்க...

மேடம்: ஐயோ, மெதுவாப் பேசுங்கம்மா! யாரும் கேட்டுடப் போறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். இதுல உங்க வீட்ல இருந்து வந்தது எது?

தம்பி: கலந்துபோச்சு மேடம். நீங்க இத்தனை வருஷமா இதையெல்லாம் பாக்கறவங்க... உங்களுக்குத் தெரியாதா?

மேடம்: தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் தம்பி கேக்கறேன்? போன வருஷம் தணிக்கைக்கு முன்னாடி பாத்தா இந்தத் தாளைக் காணோம். அவ்வளவு பெரிய மனுஷர்கிட்ட போய், நீங்க எடுத்தீங்களான்னு கேக்க எனக்கு வாய் வரல. அவர் புத்தகத்துல இருந்த போட்டோவைப் பாத்து, பழைய ஃபைல்ல இருந்த வெத்துத் தாள்ல... ரெண்டுல ஒண்ணு நான் எழுதினது.