மணி அடித்ததாகப் பதிவு

மென்பொருள் எழுதுகிறவன் நம்பவே கூடாதது அவனுடைய சொந்தக் கம்ப்யூட்டரை. அதில் எல்லாம் ஒழுங்காக ஓடும். தனியாக மென்பொருள் செய்து வெளியிடுகிறவர்களின் கூட்டத்தில், நான் கற்ற பாடங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இப்படித்தான் தொடங்கப்போகிறேன். பத்து நிமிடத்தில் அடங்காததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டு மாடியறையில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து நான் செய்தது, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மென்பொருள். கம்ப்யூட்டரில் ஓடும். நேரம் வந்தால் மணி அடிக்கும். 'கொடுத்தாச்சு' என்ற பொத்தானை அழுத்தும்வரை விடாது. அத்தான் மாடிக்கு வரும்போதெல்லாம் கேட்பார்: "என்ன மச்சான், அலாரம் கடிகாரம் கண்டுபிடிச்சாச்சா? ஊருக்குச் சொல்லிடலாமா?" வெள்ளிக்கிழமை வெளியீடு என்று அறிவித்துவிட்டேன்.

அதற்கு முன் அதைப் பயன்படுத்திப் பார்த்தவர் எதிர்வீட்டு டெய்லரக்கா ஒருவர்தான். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். வலிப்பு வந்து படுத்துவிட்டார். தினமும் மூன்று வேளை மாத்திரை. வேளை தவறி இன்னொரு தடவை பெரிதாக வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெய்லரக்கா இதை என்னிடம் முதல் நாளே சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

சுவரில் ஒட்டியிருந்த மாத்திரை அட்டவணையைக் கிழிக்கச் சொன்னது நான்தான். பழைய டைம்பீஸையும் பீரோவில் வைக்கச் சொன்னேன். "ரெண்டு இடத்துல மணி அடிச்சா குழப்பம்தான் வரும்க்கா. ஒண்ணை நம்புங்க."

நம்பினார். கம்ப்யூட்டர் அவருடைய வெட்டும் மேஜையில் இருந்தது. மணி அடித்ததும் உள்ளறையிலிருந்து அவர் வீட்டுக்காரர் "ரைட், போலாம்" என்று குரல் கொடுத்துவிட்டு வாயைத் திறந்து வைத்துக்கொள்வார்.

திங்கட்கிழமை டெய்லரக்கா சொன்னார்: "தம்பி, நேத்து மத்தியானம் மணி அடிக்கவே இல்லை. நானா நினைச்சுக் குடுத்தேன்."

என் கம்ப்யூட்டரில் அடித்தது. எத்தனை தடவை சோதித்தாலும் அடித்தது. பிழை எப்போதாவது ஒரு முறைதான் வருகிறது. அவர் பொத்தானை அழுத்தியதும் நேரக்கணக்கு புதிதாகத் தொடங்கிவிடுகிறது, தடயம் அழிந்துவிடுகிறது. அப்படியென்றால் சில நாள் யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் மணி அடிக்கக் கூடாது. இதைவிட நேரான வழி எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கென்று ஒரு வெர்ஷன் செய்தேன். சத்தம் வராது, திரையில் பொத்தானும் வராது. நேரம் வந்ததும் 'மணி அடித்தது' என்று பதிவில் ஒரு வரி மட்டும் எழுதும். அந்தப் பதிவு என் அறைக்கு வந்துவிடும். சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை காலை போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை மாடியேறி வந்தார். "தம்பி, நேத்து பூரா மணிச்சத்தமே கேக்கலையே?"

பதிவைத் திறந்து காட்டினேன். மூன்று வேளையும் 'மணி அடித்தது' என்று இருந்தது. பக்கத்தில் 'கொடுத்தாச்சு' கட்டம் மூன்று இடத்திலும் காலி. அது தெரியாதபடி திரையில் அந்த ஜன்னலைக் கொஞ்சம் சுருக்கி வைத்திருந்தேன்.

"தையல் மெஷின் ஓடிட்டு இருக்கும்போது கவனிச்சிருக்க மாட்டீங்க. பழக்கத்துல எந்திரிச்சுப் போய்க் குடுத்து, பொத்தானையும் அழுத்தியிருப்பீங்க."

"குடுத்தேனா? பாவி, ஞாபகமே இல்லையே. ரெண்டு தடவை குடுத்துடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

"பதிவுல இருக்குல்ல? சந்தேகமா இருந்தா குடுக்காதீங்க."

அவர் நிம்மதியாக இறங்கிப் போனார்.

புதன் மதியம் பிழை வந்தது. வர வேண்டிய வரி வரவில்லை. கம்ப்யூட்டர் தூங்கி எழும்போது ஒரு வேளையைத் தாண்டிவிடுகிறது. பத்து நிமிடத்தில் இடத்தைப் பிடித்தேன். மாற்ற வேண்டியது ஒரே வரி. அப்போதே மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு தடவை பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

வியாழன் காலை, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு, தம்பியா? என்னப்பா, பெல்லே வரலை. வண்டி ரெண்டு நாளா ஸ்டாப்புலயே நிக்குது."

"சும்மா இருங்க," என்றார் டெய்லரக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. "எனக்குத்தான் ஞாபகம் போச்சுன்னா உங்களுக்குமா? தம்பி கம்ப்யூட்டர்லயே காட்டினாரு."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழன் மதியம் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. காரணம் உறுதியானது. அந்த ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டில் ஏதோ விழும் சத்தமும் டெய்லரக்காவின் குரலும் கேட்டன. வரியை முடித்து, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். நான் இறங்குவதற்குள் அத்தான் டெய்லரக்கா வீட்டுக்காரரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

வீடு திறந்து கிடந்தது. மேஜைக்குப் போய்ச் சத்தம் வராத வெர்ஷனையும் பதிவையும் அழித்துவிட்டுத் திருத்தியதைப் போட்டேன். மறுநாள் சொன்னபடி வெளியிட்டேன். அறிவித்த தேதியை மாற்றக் கூடாது என்பது இரண்டாவது பாடம். இப்போது ஆயிரத்து எண்ணூறு வீடுகளில் ஓடுகிறது. மணி அடிக்கவில்லை என்று ஒரு புகார்கூட இல்லை. அந்த மூன்று நாள் இல்லாமல் இது நடந்திருக்காது.

மூன்றாவது பாடம், விமர்சனம் எழுதித் தரும்படி கேட்கக் கூச்சப்படக் கூடாது. பதினாறாம் நாள் முடிந்ததும் டெய்லரக்காவிடம் கேட்டேன். தையல் மெஷினை மூடி வைத்திருந்தார். மறுக்கவில்லை. இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: 'தம்பி செய்த மணி சரியாகத்தான் அடித்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.'

அதை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அவர் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன்.