நீலத் தண்ணீரில் ஒரு திருகாணி

தங்கை: அந்தத் தண்ணிக்குள்ள எட்டிப் பாத்தா என்னதான்க்கா தெரியும்?

அக்கா: வேலையில சேர்ந்த அன்னிக்கு சூப்பர்வைசரும் இதையேதான் கேட்டாரு, "என்னம்மா தெரியுது?"ன்னு. எனக்குப் பேச்சே வரல.

தங்கை: உனக்கா? ஊர் வாயையே அடைக்கிற ஆளாச்சே நீ!

அக்கா: போடி... நீலம். வானத்து நீலம் இல்ல. தண்ணியே பத்திக்கிட்டு எரியுற மாதிரி... ஆனா ஜில்லுன்னு, சத்தமே இல்லாம. நாலு மாடி ஆழக் குளம். அடியில, அணு உலையிலேருந்து எடுத்த எரிபொருள் கம்பிங்க கட்டுக்கட்டா நிக்கும்.

தங்கை: பயமா இருக்காது?

அக்கா: பயமா... கை தானா கூப்பிக்கும். கதிர்வீச்ச அடக்குற அந்தத் தண்ணி மட்டும் இல்லேன்னா அங்க நிக்கிற ஒருத்தரும் வீடு திரும்ப முடியாது. அதோட விளிம்புலதான் குனிஞ்சு துடைக்கிறேன்.

தங்கை: அதான் மூக்குக் கண்ணாடிய கன்னுக்குட்டி மாதிரி கயித்துல கட்டி வச்சிருக்கியா?

அக்கா: சிரிக்காத. பேனா, டார்ச்சு, எல்லாத்துக்கும் கயிறு. சட்டைப் பையக்கூட ஒட்டி மூடிடுவாங்க. ஒரு ஊக்கு உள்ள விழக் கூடாது.

தங்கை: அம்மாம் பெரிய குளத்துல ஒரு ஊக்கு விழுந்தா என்னவாம்...

அக்கா: கம்பிக்கு நடுவுல மாட்டிக்கும். அதோட மறுபடி உலைக்குள்ள போச்சுன்னா, தண்ணி பாயுற வேகத்துல ஆடி ஆடி, உரசி உரசி, கம்பித் தோல ஓட்டை போட்டுடும். உள்ள இருக்கிற விஷம் வெளிய வந்துடும்.

தங்கை: யானைக் காதுல எறும்பு!

அக்கா: அதேதான்... நாளைக் காலையில அந்தக் கம்பிங்கள மறுபடி உலைக்குள்ள இறக்குறாங்க.

தங்கை: ஏன்க்கா குரல் இறங்குது? கண்ணாடிய இப்படிக் குடு... இந்தப் பக்கக் காலு ஏன் தொங்குது?

அக்கா: திருகாணி...

தங்கை: எங்க அது?

அக்கா: எள்ளு மாதிரிதான் இருக்கும். சுத்திச் சுத்தி இறங்குச்சுடி... அந்த ஆழம் முழுக்க அது ஒண்ணுதான் மின்னுச்சு. கத்தணும்னே தோணல. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்.

தங்கை: அப்புறமாவது சொல்லலியா?

அக்கா: சொன்னா அந்தப் பக்கமே விடமாட்டாங்க. உன் வேலையும் போயிடுச்சு... என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. யாராச்சும் பாத்திருந்தா இந்நேரம் கேட்டிருப்பாங்கல்ல? கேக்கலியே.

தங்கை: கேட்டாங்கக்கா.

அக்கா: என்னது?

தங்கை: நீ குளிக்கப் போனப்ப சூப்பர்வைசர் போன் பண்ணாரு. தண்ணியில என்னமோ மின்னுச்சாம், ஒவ்வொருத்தரா விசாரிக்கிறாராம். "உங்கக்கா கண்ணாடி முழுசா இருக்கா, பாத்துச் சொல்லும்மா"ன்னாரு. மேசைமேலதான் கெடந்துச்சு, இப்படியே, காலு தொங்கிக்கிட்டு... முழுசா இருக்கு சார்னு சொல்லிட்டேன். அக்கா... கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு ஈரத் தலையோட எங்க கெளம்புற, சூப்பர்வைசர்கிட்டயா? ரெண்டு அடி அடிச்சுட்டாவது போ... அக்கா!