முனை வரைக்கும் ஒரு ரவுண்டு

இல்லம்மா, விழுந்த கீறல் இல்ல அது. கேட்டுல உரசுனது. உள்ள ஏத்தும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாள்ல ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் ஏத்துவா என் பொண்ணு. அவங்கப்பா கத்துவாரு, பாத்துடி பாத்துடின்னு. வண்டிக்காகக் கத்துனாரா கேட்டுக்காகக் கத்துனாரான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. வேற எங்கயும் அடி கெடையாது. நீயே திருப்பித் திருப்பிப் பாத்துட்டியே.

உக்காரு. அந்தத் துணிய ஓரமாத் தள்ளிட்டு உக்காரு, ஒண்ணும் ஆகாது. திரைச்சீலைதான். ஆமா, வீட்டுலயேதான் தைக்கிறேன், ஓட்டலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கேக்குறவங்களுக்கெல்லாம். ஊரு பூரா ஜன்னலுக்கு நான்தான் திரை போடுறேன், என் வீட்டு ஜன்னல் மொட்டையா நிக்குது பாரு. வேர்த்து ஊத்துது உனக்கு, மொதல்ல தண்ணியக் குடி. வந்தப்ப வாங்க போங்கன்னுதான் பேசுனேன், இப்ப நீன்னு வந்துருச்சு வாயில. தப்பா எடுத்துக்கலியே? சரி.

நல்லா ஓட்டுறம்மா. வளைவுல பயப்படவே இல்ல நீ. சில பேரு வருவாங்க, பெருசா ஹெல்மெட்டு, முட்டிக்கு கவசம், கைக்குக் கவசம், சண்டைக்குப் போற மாதிரி. ஏறி நின்னவுடனே காலு கிடுகிடுன்னு ஆடும். இது வேகமான வண்டி ஆச்சே. பஞ்சு மாதிரி ஸ்பிரிங் எல்லாம் வெச்சது. லேசா முன்னால சாஞ்சாப் போதும், பிச்சிக்கிட்டுப் போகும்.

வெலையா? சொல்றேன், சொல்றேன். என்ன அவசரம்?

இது அவளோட ரெண்டாவது வண்டி. மொத வண்டியும் இதே மாதிரிதான், சின்னது. அத வீட்டுக்குக் கொண்டாந்த அன்னைக்கு, பெட்டி மாதிரி கைப்பிடியப் புடிச்சு உருட்டிக்கிட்டு வந்தா. யாருடி ஊருக்குப் போறான்னு கேட்டேன். வண்டிம்மா இதுங்கிறா. அவங்கப்பா எந்திரிச்சு வந்து சுத்திச் சுத்திப் பாத்தாரு. வாழ்நாள் பூரா லாரி ஓட்டுனவரு. ஆறு சக்கரம், பத்து சக்கரம்னு பாத்த மனுசன், ஒத்தச் சக்கரத்த இப்பத்தான் பாக்குறாரு. ஸ்டியரிங் எங்கங்கிறாரு. இல்லப்பா. பிரேக் எங்க? நான்தாம்பா பிரேக்கு, முன்னால சாஞ்சாப் போகும், பின்னால சாஞ்சா நிக்கும். அவரு யோசிச்சுப் பாத்துட்டு, அப்ப தும்மல் வந்தா என்ன பண்ணுவன்னு கேட்டாரு பாரு, ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிச்சிருச்சு. அவரு சிரிக்கல. நெசமாவே கேட்டிருக்காரு மனுசன்.

கத்துக்கிறப்ப பட்ட பாடு உனக்கே தெரியும். அந்தக் காம்பவுண்டு சுவத்தப் புடிச்சுக்கிட்டே போவா, வருவா. கணுக்கால் ரெண்டும் கன்னிப் போயிருக்கும். அப்புறம் ஒரு நாள் சுவத்த விட்டுட்டா. கைய ரெண்டையும் விரிச்சுக்கிட்டு நடுத் தெருவுல போறா. நான் மெஷின்ல உக்காந்தவ, துணிய நேரா விடாம கோணலாத் தச்சு வெச்சுட்டேன், அதப் பாத்துக்கிட்டே.

வேலை அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்துல. டாக்டர்ங்க எடுத்துக் குடுத்த ரத்தத்த, சளிய எல்லாம் குளிர்பெட்டியில வெச்சு முதுகுல மாட்டிக்கிட்டு லேபுக்குக் கொண்டு போகணும். காருல போறவன் சிக்னல்ல நிப்பான், இவ சந்து பொந்துல பூந்து போயிருவா. அதுக்குத்தான் இந்தப் பெரிய வண்டிய வாங்குனா. அவங்கப்பா ஒரு வாரம் பேசல. அப்புறம் என்னடான்னா, சாயங்காலம் ஆனா கேட்டுல போய் நின்னுக்குவாரு. சும்மா காத்து வாங்குறேம்பாரு. காத்து எங்க வாங்குறாரு, சத்தத்தக் கேக்குறாரு. டிரைவர் காது ஆச்சே! முனையில திரும்புறப்பவே சொல்லிருவாரு, இன்னைக்கு டயர்ல காத்து கம்மியா இருக்கு, இன்னைக்கு பேட்டரி எறங்கிக் கெடக்கு, இன்னைக்குப் புள்ள களைச்சுப் போயி வருது. அது எப்படி சத்தத்துல தெரியும்னு கேட்டா, ஓட்டுறவ சாயிற சாச்சல்ல தெரியும்பாரு.

அப்புறம்தான் அவருக்கு வாதம் வந்துச்சு. பாத்ரூம்ல விழுந்துட்டாரு. வலப் பக்கம் பூரா போச்சு. பேச்சும் பாதி போச்சு. ஒரு வார்த்தை வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு வரும், நாமதான் ரெண்டையும் சேத்துக்கணும். காது மட்டும் அப்படியே இருந்துச்சு. இந்தப் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தாரு. ஜன்னல் பின்பக்கம், தெரு தெரியாது. நான் இங்க மெஷின ஓட்டுற சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது. ஆனா அவரு இடக் கையத் தூக்குவாரு. கதவு வழியா அது எனக்குத் தெரியும். மெஷின நிறுத்துனா, முனையில உய்ய்ய்ங்னு வரும் பாரு அந்தச் சத்தம். கேட்டுகிட்ட வந்ததும் ரெண்டு தடவ ஹார்ன் அடிப்பா. அவளுக்கு அது பழக்கம். வந்துட்டேன்னு அர்த்தம்.

இரு, அழுகையெல்லாம் இல்ல. நூல் தூசி கண்ணுல. எந்நேரமும் இதே தொல்லை.

அன்னைக்கு மழை. ராத்திரியே புடிச்ச மழை, விடியுறப்பவும் விடல. கெளம்புறா. அவரு உள்ளேருந்து ஈரம்னாரு. கொஞ்சம் கழிச்சு, வேணாம்னாரு. நல்லாத்தான் இருந்துச்சு அன்னைக்கு அவரு பேச்சு, தெளிவா வந்துச்சு. அவளுக்கு அவங்கப்பா பேசுனதே சந்தோஷம். போயி கன்னத்தத் தட்டிட்டு, சரிப்பா, இன்னைக்கு வண்டி வேணாம், நடந்தே போறேன், இப்படியே போனா எனக்கு நடக்கவே மறந்துரும்னா. வண்டிய சார்ஜ்ல போட்டா. அந்தா, அந்தப் பிளக்குலதான். குடைய எடுத்துக்கிட்டுப் போனா.

ஆமா. எல்லாரும் அதான் கேக்குறாங்க, வண்டியிலேருந்து விழுந்தாளான்னு. அவ்வளவு வேகமா ஓட்டுனவ, ஒரு நாள் விழுந்ததில்லம்மா. நடந்துதான் போனா. பஸ் நிறுத்தத்துக்கு முன்னால ஒரு கடை இருக்கும், வர்றப்ப பாத்திருப்ப, அங்க சரக்கு எறக்கிட்டு ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்திருக்கு. இவ குடைய முன்னால சாச்சுப் புடிச்சிருக்கா. வேன்காரன் கண்ணாடியில மழைத்தண்ணி. அவ்வளவுதான். வேகமே இல்லையாம். நடக்குற வேகத்துலதான் பின்னால வந்திருக்கான்.

ஆஸ்பத்திரியிலேருந்து நான் திரும்பி வந்தப்ப சாயங்காலம் ஆயிருச்சு. பக்கத்து வீட்டம்மா அவருக்குக் கஞ்சி குடுத்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. உள்ள நுழையுறேன், இந்த வண்டியில பச்சை விளக்கு எரியுது. முழுசா சார்ஜ் ஏறியிருச்சுன்னு. நான் நின்னு அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். உள்ளேருந்து அவரு, எங்கன்னு கேக்குறாரு.

நீயே சொல்லும்மா. நீ வேணாம்னு சொன்னதால நடந்து போனா, நடந்து போனதால செத்தான்னு எந்த வாயால சொல்லுவ? சொன்னா அந்தப் பாதி உசுரும் அப்பவே போயிருக்கும்.

லேபுல என்னமோ தொத்து நோயாம், வீட்டுக்குள்ள வரக் கூடாதாம், உங்களுக்கு நெஞ்சு சளி இருக்குல்ல, அதனால தோழி ரூம்ல தங்கிக்கிறான்னு சொல்லிட்டேன். எப்படி வந்துச்சு அந்தப் பொய்னு எனக்கே தெரியல, தண்ணி மாதிரி வந்துச்சு. செய்ய வேண்டியதெல்லாம் எங்க அண்ணன் வீட்டுலேருந்தே செஞ்சு முடிச்சோம். அழுவுறதெல்லாம் அங்க அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வருவேன். இங்க வந்து திரைச்சீலை தைப்பேன்.

அவரு சாயங்காலம் ஆனா காதத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பாரு. கையத் தூக்கவே இல்ல. சோறு எறங்கல. நானும் பாத்தேன், பாத்தேன்.

அப்பத்தான் அவகூட வண்டி ஓட்டுற பொண்ணு ஒருத்தி என்னைப் பாக்க வந்தா. உன் வயசுதான். சும்மாவே வெச்சிருந்தா பேட்டரி கெட்டுரும்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. எனக்கு எதுவும் தோணல, போயிட்டு வான்னேன். அவ முனை வரைக்கும் போயிட்டுத் திரும்புறா, உள்ள கட்டில் கம்பிய டங்கு டங்குன்னு தட்டுற சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா, கையத் தூக்கி வெச்சிருக்காரு. கண்ணெல்லாம் தண்ணி. வந்துட்டாங்கிறாரு. ரெண்டு வார்த்தை இல்ல, ஒரே வார்த்தை, நல்லா வந்துச்சு. நான், ஆமாங்க, உள்ள வரக் கூடாதுல்ல, கேட்டோட நின்னு உங்கள விசாரிச்சுட்டுப் போறான்னேன். அன்னைக்கு நல்லா சாப்பிட்டாரு.

அந்தப் பொண்ணுகிட்ட வெவரத்தச் சொன்னேன். பாவம், நெனச்சப்பெல்லாம் வந்துட்டுப் போச்சு. ஹார்ன ரெண்டு தடவ அடிக்கவும் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் அதுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருச்சு. நானே கத்துக்கலாம்னு பாத்தேன். சிரிக்காத, நெசமாத்தான். சுவத்தப் புடிச்சுக்கிட்டு ஏறி நின்னேன், அது என்னை விட்டுட்டுத் தனியாப் போயிருச்சு. மணிக்கட்டு ஒடஞ்சு மாவுக்கட்டு போட்டு, தையலும் இல்லாம உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் விக்கிறதுக்குன்னு விளம்பரம் போட்டது. வாங்க வர்றவங்க ஓட்டிப் பாக்காமப் போக மாட்டாங்கல்ல? முனை வரைக்கும் போயிட்டு வாங்க, கேட்டுக்கிட்ட ஹார்ன் வேலை செய்யுதான்னு அடிச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லுவேன். ஒவ்வொருத்தரும் ஓட்டுவாங்க. யோசிச்சு சொல்றேன்னு அனுப்பிருவேன்.

ஒரு நாள் ஒரு ஜிம் மாஸ்டர் வந்தாரு. ஆளு இந்த வாசல் அகலம். ஏறுனாரு, வண்டி ஒரு மாதிரி முனகுது. திரும்பி வந்து ஹார்ன் அடிச்சிட்டு நிக்கிறாரு. நான் உள்ள போனா, என் வீட்டுக்காரரு கையத் தூக்கல. என்னையே பாக்குறாரு. அவ அப்படின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, இல்லன்னாரு.

இன்னைக்குப் பெட்டி கனமாங்க, ரெண்டு பெட்டி மாட்டியிருக்கான்னேன். பாத்துக்கிட்டே இருந்தாரு. லாரி ஓட்டுறப்ப எதிர் வண்டி வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே வருவாங்களே, இமைக்காம, அந்த மாதிரி. அப்புறம் மெதுவா இடக் கையத் தூக்குனாரு. அன்னைலேருந்து யாரு வந்து ஓட்டுனாலும், கனமோ லேசோ, தூக்கிருவாரு. அவளைப் பத்தி மட்டும் அதுக்கப்புறம் ஒண்ணு கேக்கல. எங்கன்னு கேக்கல, எப்ப வருவான்னு கேக்கல. தெரிஞ்சே தூக்குனாரா, எனக்காகத் தூக்குனாரான்னு ராத்திரியெல்லாம் படுத்து யோசிச்சிருக்கேன். கேக்கத் தைரியம் வரல. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே ஒரே வீட்டுல இருந்தோமோ என்னமோ.

அந்த ரூமா? திறந்து பாரேன். காலிதான். கட்டிலக் கூட எடுத்துக் குடுத்தாச்சு. கோடைக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டாரு, தூக்கத்துல, கஷ்டப்படல.

ம்? ஆமா, விளம்பரம் போன வாரம் போட்டதுதான். நீ சரியாத்தான் பாத்திருக்க.

அவரு போனதுக்கு அப்புறம் திரும்பவும் போட்டதுதாம்மா. விக்கிறதுக்கு இல்ல. உன்னை அலைய விட்டுட்டேன், கோவிச்சுக்காத. வீட்டுல சத்தமே இல்ல, அதான். மெஷின் சத்தம் எவ்வளவு நேரம்தான் கேக்குறது? நீ இப்ப ஓட்டிட்டு வந்தியே, முனையில திரும்புனப்ப, அவ சாயிற மாதிரியே இருந்துச்சு. அவரு இருந்திருந்தா சொல்லியிருப்பாரு. எனக்கு அவ்வளவு காது கெடையாது, ஆனாலும் எனக்கே கேட்டுச்சு.

இன்னும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றியா? முனை வரைக்கும் போதும். கேட்டுக்கிட்ட வந்து நின்னவுடனே ஹெல்மெட்டக் கழட்டிறாத. பேசவும் வேணாம். கொஞ்ச நேரம் அப்படியே நில்லு, நான் ஜன்னல் வழியாப் பாத்துக்குறேன்.