ஆண் பூச்சிக்குக் காத்திருந்தேன்

ரோஜா வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அரை மணி நேரம் முகர்ந்தால் நெற்றிப்பொட்டு இடிக்கத் தொடங்கிவிடும். ரோஜாவுக்கும் பன்னீருக்கும் பேர்போன காஷான் மலைப்பக்கத்தில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும். அதனால் யாராவது ரோஜா கொண்டுவந்தால், மொட்டை வெள்ளைத் தாளில் தட்டி, விழும் பூச்சிகளைச் சாராயக் குப்பிக்குள் தள்ளிவிட்டுப் பூவை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவேன்.

எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி. பெயர் மஹ்லகா. வயது ஐம்பத்தேழு. பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பூச்சியின் இனம் பார்த்துச் சொல்கிறேன். அதிலும் இலைப்பேன். ஓர் அரிசியின் மேல் நான்கைந்து வரிசையாக உட்காரும், அவ்வளவு சிறியது. இந்த மாகாணத்தில் அதை அடையாளம் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. நான் எழுதுவதுதான் தீர்ப்பு.

நஸ்தரன் முதல்முறை வந்தது மூன்று வசந்தங்களுக்கு முன், உர்திபெஹெஷ்த் மாதம் பன்னிரண்டாம் தேதி. பூப்பறிப்புக் காலம். கையெல்லாம் முள் கீறல். ஊறுகாய்ப் பாட்டிலில் மொட்டுகளை அடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"டாக்டரம்மா, எங்க ஊர்ப் பொண்ணுங்க தலையில இப்ப ஒரு பேன் கிடையாது. எல்லாம் ரோஜாவுக்குக் குடி போயிடுச்சு."

எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல பெண். இதை நான் மறைக்கவில்லை.

"எத்தனை செடியில?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு. வேலியோரமா. மொட்டு விரியாமலே பழுப்பாகி உதிருது. எங்களுக்கு வேற சோறு ஏது? பன்னீர் காய்ச்சினாத்தானே அடுப்பு எரியும்."

"எந்த ஊரு?"

"கோல்தரே. ஹாஜி கோபாத் வீட்டு மருமக. வயலுக்குத் தண்ணி முறை விடுவாரே, அவருதான் மாமனாரு. தெரியாதவங்க உண்டா?"

தெரியும் என்றேன். சர்க்கரைக் கட்டியோடு தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நுண்ணோக்கியில் பார்க்கப் பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றுவது அவசரப்படுகிறவர்களுக்கான வேலை இல்லை. காரக் கரைசலில் ஊறவைத்து உடம்பைத் தெளியவைக்க வேண்டும். கிராம்பு எண்ணெயில் போட வேண்டும். ஊசி முனையால் இறக்கையை விரித்து, பிசினில் படுக்கவைத்து, மூன்று வாரம் இளஞ்சூட்டில் காயவிட வேண்டும். காய்ந்ததும் பார்த்தேன். நம் பக்கம் எங்கும் இருக்கும் வெங்காய இலைப்பேனுக்கு வயிற்றின் எட்டாம் வளையத்து விளிம்பில் சீப்புப் பற்கள் இடைவிடாமல் ஓடும். இதற்கு நடுவில் பற்களே இல்லை, பொக்கை வாய். உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காத உயிர். எனக்கு அத்தனை சந்தோஷம்.

அன்று மாலையே கோல்தரேவுக்கு அறிக்கை அனுப்பினேன்: 'வெங்காய இலைப்பேன். வெயில் ஏறினால் தானே போய்விடும். மருந்தோ வெட்டோ தேவையில்லை.'

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு புதிய இனத்தை உலகுக்கு அறிவிக்கப் பெண் பூச்சி மட்டும் போதாது. ஆணும் வேண்டும். ஆணின் வயிற்றடியில் வெளிர் வட்டங்கள் இருக்கும். வெங்காய இலைப்பேனுக்கு மூன்று. இதற்கு எத்தனை என்று எண்ணிச் சொல்லாமல் கட்டுரை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இலைப்பேனில் ஆண் அபூர்வம். பெருகினால்தான் கண்ணில் படும். ஆகவே பெருகட்டும் என்று காத்திருந்தேன். இதில் முறைகேடு ஒன்றும் இல்லை.

கோல்தரே என் ஊர்தான். எனக்குப் பதினேழு வயதில் ஹாஜி கோபாத் தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார். என் அப்பா யதுல்லா, "பொண்ணு படிக்கப் போறா" என்று சொல்லி, வந்தவர்களுக்கு முலாம்பழம் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கோடையில் எங்கள் வயலின் தண்ணீர் முறை வந்தபோது மதகு திறக்கவில்லை. அப்பா போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"பொறு யதுல்லா. உன் முறை வரும்" என்றார் கோபாத்.

பத்தொன்பது நாள். நாற்பது வீட்டுக்கும் தெரியும். ஒரு வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வரவில்லை. அப்பாவின் ரோஜாச் செடிகள் நின்ற நிலையில் விறகாயின. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அப்பா பொறுத்தார். பனிக்காலத்தில் அவருக்கும் ஆறடி பூமி கிடைத்தது. நான் அவர்களை வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன். அதைச் சொல்லக் கூச்சமில்லை.

இரண்டாம் வசந்தத்தில் நஸ்தரன் மறுபடி வந்தாள். பேச்சில் கேலி இல்லை. என் மேசையில் ஒரு புட்டிப் பன்னீர் வைத்தாள்.

"இந்த வருஷத்துக்கு மொத்தமே இவ்வளவுதான், டாக்டரம்மா. தானா போயிடும்னு எழுதியிருந்தீங்க. பள்ளத்தாக்கு முழுக்க ஏறிடுச்சே. வெட்டி எரிச்சுடலாமான்னு எம் புருஷன் கேக்கறாரு."

"நூறு வருஷச் செடிய யாராவது எரிப்பாங்களா? பொறுத்திரும்மா. அதுக்கும் ஒரு முறை இருக்கு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாள். முதல் ஆண்டே அந்தப் பன்னிரண்டு செடிகளை எரித்து, வேரடி மண்ணைக் கிளறி மூடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பூச்சி மண்ணுக்குள் தூங்கித்தான் இறக்கையோடு எழும். இதை நான் அறிவேன். கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

மூன்றாம் வசந்தத்தில் அவள் கணவன் கியூமார்ஸ் எல்லை தாண்டி வந்த ஏதோ பெயரில்லாத பொடியை வாங்கிக் கரைத்து, மூக்கில் துணிகூடக் கட்டாமல் அடித்திருக்கிறான். வரப்பில் விழுந்தவன் எழவில்லை. வயது முப்பத்துநான்கு. செய்தி கேட்டபோது நான் சில்லுகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சேதிதான் காதில் விழுந்தது, கை நிற்கவில்லை. விஷத்தை நான் விற்கவில்லையே.

அடுத்த மாதம் கட்டுரை வெளிவந்தது. புதிய இனத்துக்கு அப்பாவின் பெயரை வைத்தேன். ஒருமுறை அச்சேறிய பெயரை யாரும் எடுக்க முடியாது. கோல்தரேயை அழித்தது எது என்று எவன் தேடினாலும் இனி யதுல்லா என்றுதான் படிக்க வேண்டும்.

நான் பிடிபட்டது என் தொழிலின் வழக்கத்தால். ஒவ்வொரு பூச்சியும் எங்கே, எந்தச் செடியில், எந்த நாளில், யார் கையால் எடுக்கப்பட்டது என்பதை அப்படியே பட்டியலிட வேண்டும். நஸ்தரன் அந்தக் கட்டுரைத் தாளோடு வந்தாள். பின்னால் தடியூன்றி ஹாஜி கோபாத். எண்பத்துநான்கு வயது. நாற்காலி கொடுத்தேன். உட்காரவில்லை.

"இந்தத் தேதி நான் முதல்முதல்ல வந்த நாள்தானே? அன்னிக்கே புதுசுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் நஸ்தரன்.

கிழவர் தாளின் தலைப்பில் விரலை வைத்தார்.

"நீ யதுல்லா மகளா? மதகை அடைச்சவன் நாந்தானேம்மா. எங் கழுத்தை அறுத்திருக்கலாமே. எம் புள்ள அப்பப் பொறக்கவே இல்லையே."

நஸ்தரன் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேசையில் ஒரு வருடமாகத் திறக்காமல் கிடந்த அந்தப் பன்னீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. கடைசி வரியைத்தானே மூன்றாம் முறையாகப் படிக்கிறீர்கள்? 'ஆண்: ஒன்று. வயிற்றடி வட்டங்கள் ஐந்து. கோல்தரே, வேலியோரச் செடி. உர்திபெஹெஷ்த் பன்னிரண்டு. சேகரித்தவர் நஸ்தரன்.'

ஆம். முதல் ஆண்டு. முதல் குப்பி. அந்தப் பொக்கை வாய்க்காரியின் பக்கத்துச் சில்லிலேயே அவனும் படுத்திருந்தான். வட்டங்களை அன்றே எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் கோல்தரேவுக்கு அறிக்கை எழுதினேன்.

தேதியை மாற்றி எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் பொய் எழுதுகிறவளாக என் அப்பா என்னை வளர்க்கவில்லை.