வெயில் பக்கத்துக் கோல்

பெஞ்சில் உட்காருவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், ஐயா. முதல் வருடம் முதுகு வலிக்கும். இரண்டாவது வருடம் மனசு வலிக்கும். அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. சூயிங்கம் மென்றுகொண்டு, கேமரா நம் பக்கம் திரும்பும்போது கைதட்ட மறக்காமல் இருந்தால் போதும், ஆட்டம் தானாக முடிந்துவிடும்.

நீங்கள் போலீஸ் விசாரணையை முடித்துவிட்டீர்கள் என்று தெரியும். பயிற்சியின்போது நேர்ந்த விபத்து என்று கால்பந்துக் கூட்டமைப்பு அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிளப்பின் முதல் கோல்கீப்பர் என் தங்கையின் கணவர். ரசிகர்கள் அவரைக் கொக்கு என்பார்கள். நீளக் கால், நீளக் கழுத்து. பந்து வரும்வரை அசையாமல் நிற்பார், வந்ததும் கொத்திவிடுவார். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். உறவாவதற்கு முன்பே நண்பர்கள் என்பதால், வெளியாட்களிடம் பேசும்போதுதான் 'அவர்'. நேரில் வாடா போடாதான். ஒரு காலத்தில் முதல் கோல்கீப்பர் நான். தொடைத் தசை கிழிந்து கொஞ்ச நாள் படுத்திருந்தேன். எழுந்து வந்தபோது என் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாக நின்றார். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து தங்கைக்குப் பேசி முடித்ததே நான்தான். அந்த அளவுக்கு எனக்கு அவரைப் பிடிக்கும்.

லீக் பாதி ஓடியிருந்தது. அன்று நல்ல மழை. கார்னரிலிருந்து வந்த பந்தைப் பிடிக்க அவர் எகிறியபோது எதிரணி முன்கள ஆட்டக்காரனின் முழங்கால் அவருடைய நெற்றிப்பொட்டில் இடித்தது. பந்தை விடவில்லை. குழந்தையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர் மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் கிடந்தார். டீம் டாக்டர் ஓடிவந்தார். கோலுக்குப் பின்னால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த நானும் தண்ணீர் பாட்டிலோடு கிட்டே போனேன்.

தலையில் அடிபட்டால் டாக்டர் சில கேள்விகள் கேட்பார். இது முதல் பாதியா இரண்டாவதா, கடைசி கோலைப் போட்டது யார். அப்புறம் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். கதவு, மழை, தேன், சட்டை, குதிரை. எங்கள் டாக்டர் சோம்பேறி. எத்தனை வருடமானாலும் அதே ஐந்துதான்.

மாப்பிள்ளை 'கதவு' என்றார். அதோடு நின்றுவிட்டார். கண்கள் அலைந்து அலைந்து கடைசியில் என் முகத்தில் வந்து நின்றன. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் இருந்து மீதி நாலுக்கும் நான் வாயசைத்தேன். அவர் சொன்னார். டாக்டர் அவர் தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

ஏன் செய்தேன் என்றால், பயம். ஒரே ஒரு கோல் முன்னிலை, கொட்டுகிற மழை, எதிரில் லீக்கிலேயே அதிக கோல் போட்டவன். அவரை வெளியே எடுத்தால் நான் உள்ளே போக வேண்டும். வருடக்கணக்காக வாய்ப்பு வரட்டும் வரட்டும் என்று காத்திருந்தவனுக்கு, அது வாசலில் வந்து நின்றதும் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் தோன்றியது. அவ்வளவுதான். அன்றைக்கு என் மனதில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டிருந்தது. குழந்தை சிரித்தால்கூட அவர் தலையணையால் காதை அடைத்துக்கொள்கிறாராம். தங்கை என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, எது சாப்பிட்டாலும் வாந்தி. பாப்பாவை வேற யாரோ பேர் சொல்லிக் கூப்பிடறாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா கேக்க மாட்டேங்கறாரு. நீயாச்சும் சொல்லேன்."

"டாக்டர் பாத்துட்டாரும்மா. கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொன்னான்."

"நிஜமாவா?"

"நான் பக்கத்துலயே நின்னேனே."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவள் அப்படியும் விடவில்லை. "ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பாத்துடலாமே?"

"இப்ப ஸ்கேன் கீன்னு கிளம்பினா விஷயம் வெளிய போயிடும். கோப்பை அரையிறுதி வருது. தேசிய அணிக்கு ஆள் எடுக்கற நேரம் வேற. உன் கையால அவன் பிழைப்பைக் கெடுத்துடாத."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். எங்கள் அப்பா போனபிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் தட்டியதில்லை.

உள்ளே இருட்டில் படுத்திருந்தவர் என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். "மச்சான், யார்கிட்டயும் மூச்சு விடாத." விடமாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

டாக்டர் மறுபடி பரிசோதித்தபோதும் மாப்பிள்ளை தேறினார். காரில் போகும்போது அந்த ஐந்து வார்த்தைகளையும் வாய்ப்பாடு மாதிரி நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறது என்றார். என் தொப்பியைக் கொடுத்தேன்.

அரையிறுதியில் ஒரு நீளமான பந்து அவர் கைக்கு அடியில் புகுந்து போனது. எப்படியோ ஜெயித்துவிட்டோம். ஆனால் அந்தக் கோல் விழுந்த நேரத்தில் எங்கள் கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். பார்வை என்மேல் விழுந்து, அங்கேயே கொஞ்சம் தங்கியது. பல வருடமாக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதன் பிறகு மாப்பிள்ளை தடுமாறும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டேன்.

கோப்பை இறுதியில் அவருடைய பிசகால்தான் தோற்றோம். பத்திரிகைகள் கொக்குக்கு மூப்பு வந்துவிட்டது என்று எழுதின. அவருக்கு இருபத்தொன்பது வயது. தேசிய அணிக்கு எங்கள் இருவரையும் எடுத்தார்கள். அடுத்து வரும் சர்வதேசப் போட்டிக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், ஜெயித்தால் உள்ளே, தோற்றால் வீட்டுக்கு. முகாமின் முதல் நாளே தேசிய கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தயாராக இரு என்றார். வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். என் அம்மா தெருவில் இருக்கிற எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாளாம்.

ஆனால் முகாமில் நல்ல ஓய்வு கிடைத்ததில் மாப்பிள்ளை தேறிவிட்டார். பயிற்சியில் ஒரு பந்தைக்கூட விடவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில், தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கோச் சொன்னார்: "கொக்கே நிக்கட்டும். நீ நல்ல பையன், புரிஞ்சுக்குவ."

நல்ல பையன். எனக்கு வயது முப்பத்தைந்து. புரிந்துகொண்டேன் என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

ஆட்டத்தன்று காலையில் மாப்பிள்ளை என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ பரீட்சையில் காப்பியடிக்க வழி கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்: "மச்சான், எல்லாம் சரியாயிடுச்சு. இடது பக்கத்துலேருந்து வர்றது மட்டும் இன்னும் ரெண்டாத் தெரியுது. உள்பக்கமா இருக்கறதைப் பிடிச்சா கரெக்டா இருக்கு. கண்டுபிடிச்சுட்டேன் பாத்தியா?"

"கோச்கிட்ட சொல்லிடலாமாடா?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"வேணாம். இந்த ஒரு ஆட்டம்தான். முடிஞ்சதும் நானே போய்க் காட்டிக்கறேன். சத்தியமா."

அவர் மட்டும் சரி என்றிருந்தால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முன் முதல் கோல்கீப்பரைத் தயார் செய்வது இரண்டாவது கோல்கீப்பரின் வேலை. அதை என்னைப் போலச் செய்ய ஆளில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வழக்கமாக நிழல் விழுகிற பக்கத்துக் கோலில்தான் செய்வோம். அன்று நான் அவரை வெயில் பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். கடைசியாக ஒரு பயிற்சி உண்டு. கோல்கீப்பர் வலையைப் பார்த்து நிற்பார், முதுகு எனக்கு. நான் 'திரும்பு' என்று குரல் கொடுப்பேன். அவர் திரும்புவார். அவர் திரும்பியபிறகுதான் நான் அடிக்க வேண்டும். கிட்டத்திலிருந்து அடிப்பதால் அதில் மட்டும் நாங்கள் விளையாட்டு காட்டுவதில்லை.

அவர் தாமதமாகத் திரும்பினார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் ஒருநாளும் தாமதமாகத் திரும்பியதில்லை, ஐயா. நான் குரல் கொடுப்பதற்கு முன்பே அடித்துவிட்டேன். அடித்தபிறகுதான் கூப்பிட்டேன். அவர் என் குரலை நம்பித் திரும்பினார், இடது பக்கமாக. முழங்கால் பட்ட அதே இடத்தில் பந்து பட்டது. நான் குறி தவறுகிறவன் இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு புல்லில் கையை ஊன்றி எழுந்தார். எழுந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மன்னிச்சுக்கோ மச்சான், கூட்டத்துச் சத்தத்துல நீ கூப்பிட்டது சட்டுனு கேக்கல."

உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தவர், அறை வாசலில் சரிந்தார். ஆம்புலன்ஸ் கிளம்புகிற சத்தம் கேட்டபோது நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் ஆடியதைப் போல வாழ்க்கையில் ஆடியதில்லை. ஒரு கோல்கூட விடவில்லை. நாடே தெருவில் இறங்கிக் கூத்தாடியது. மைக்கை நீட்டியபோது, இந்த வெற்றி என் மாப்பிள்ளைக்கு என்றேன். அதைச் சொல்லும்போது வந்த கண்ணீர் பொய்யில்லை.

மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தால் உட்கார்ந்திருக்கிறார். தங்கைதான் ஊட்டிவிடுகிறாள், வாயைத் துடைக்கிறாள். சொந்தக் குழந்தை மடியில் ஏறினால் யார் வீட்டுப் பிள்ளை என்கிற மாதிரி பார்க்கிறார். என்னை மட்டும் தெரிகிறது. நான் உள்ளே நுழைந்ததும் முகம் மாறி, நாக்குக் குழற, "கேக்கல மச்சான், கேக்கல" என்கிறார். நாள் தவறாமல் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லைடா என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வாசல்வரை வந்த தங்கை, "நீயும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், வீட்டுக்கு நடந்தே போனேன்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. இடது பக்கத்திலிருந்து பந்து வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. தேசிய அணிக்கு ஆடிய அடுத்த ஆட்டத்தில் பிடிக்க வேண்டிய பந்துகளை விட்டேன். அணியின் மனநல ஆலோசகர், உள்ளே எதையோ போட்டுப் பூட்டிவைத்திருக்கிறீர்கள், யாரிடமாவது கொட்டிவிடுங்கள் என்றார். வீட்டில் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

கொட்டிவிட்டேன். வேண்டுமென்றேதான் அடித்தேன். அவர் இருக்கிறவரை நான் நிற்க முடியாது என்பதால் அடித்தேன். இதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம், அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆலோசகர் சொன்னது சரிதான், இப்போதே கால் லேசாகிவிட்டது. சனிக்கிழமை அந்த சர்வதேசப் போட்டியின் முதல் சுற்று ஆட்டம் இருக்கிறது, ஐயா. வியாழக்கிழமைக்குள் விட்டுவிட்டீர்கள் என்றால் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.