கட்டாயக் கேள்வி

பெரகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு ஆங்கில ஆசிரியைகள் தவணைப் பரீட்சைக்குக் கேள்வி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“போன பேப்பர்ல தண்ணி கேட்டேன், பைப்பு வந்துருச்சு. இந்தத் தடவ ரோட்டக் கேப்போமா டீச்சர்?”

“பேப்பர்ல கேட்டா பைப்பு வருமா?”

“தேயிலைத் தோட்டத்துல தண்ணி இல்லன்னு தோட்டத்து மேனேஜர் துரைக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ள, நான் திருத்துன தாளையே கொண்டுபோய்த் துரைகிட்ட குடுத்துருச்சு!”

“ஐயோ! சிவப்பு மையோடயா?”

“ஆமாங்க. மறுவாரமே பைப்பு போட்டுட்டாரு. ‘நல்லாத்தானே எழுதியிருக்க, டீச்சர் ஏன் மார்க்கக் கொறச்சாங்க’ன்னு வேற கேட்டாராம்.”

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. இருவரும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ரோட்டையே கேளுங்க டீச்சர். கட்டாயக் கேள்வியா வைங்க, எல்லாப் பிள்ளைகளும் எழுதட்டும்.”