முழுக்கப் பச்சை வாங்கியவள்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என் கண்ணுகளா. சின்னக் கதைதான், முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. முன்பு பந்தும் வலையும் அடைத்து வைத்திருந்த இடம். அங்கே கவுன்சிலிங் மிஸ் ஒருத்தி இருந்தாள். மனசு சரியில்லாத பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவளோடு வந்து இருந்துவிட்டுப் போவார்கள். அந்த ஏற்பாட்டால் பலன் உண்டா என்று மதிப்பிடும் அதிகாரி தூரத்து அலுவலகத்தில் இருந்தார். அவருடைய அளவுகோல் ஒன்றே ஒன்று. சத்தம் போடாமல், எழுந்து ஓடாமல், சண்டைக்குப் போகாமல் இருந்த பிள்ளைக்கு வகுப்பு டீச்சர் அன்றைக்கு ஒரு பச்சைப் புள்ளி வைப்பார். பருவம் முழுக்கப் பச்சை என்றால் பிள்ளை குணமாகிவிட்டது, அந்த ஒரு மணி நேரம் இனி வேறு பிள்ளைக்கு.

அந்த அதிகாரிக்குத்தான் மிஸ் போன் போட்டிருந்தாள். அவர் சொன்னது அவள் காதுக்கு. அவள் சொன்னது நமக்கு.

“ஹலோ... ஹலோ, சார், வெச்சுடாதீங்க! மாடிப்படி ரூம் கவுன்சிலர்... ஆமா, காலையில பேசின அதே ஆளுதான். தொல்லைதான், என்ன பண்றது... அறிக்கை வந்துச்சு சார். வெற்றின்னு போட்டிருக்கீங்க... ஆமா, ஆமா, சந்தோஷம்தான். அந்த ஏழாம் வகுப்புப் பொண்ணு விஷயமா... அவளேதான். ‘குணமாகிவிட்டாள்’னு எழுதியிருக்கீங்களே... முழுக்கப் பச்சைதான், நான் இல்லேங்கல. சார், என் ரூம்ல ஒரு இரும்பு பீரோ இருக்கு. அதுவும் சத்தம் போடாது, எழுந்து ஓடாது, யாரையும் அடிக்காது. அதுக்கும் பச்சை வைக்கலாம்... ஐயோ, கிண்டல் இல்ல சார். கோவிச்சுக்காதீங்க.”

ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அதனுடைய நேரம்.

“அவ பேர் என்ன தெரியுமா சார் வகுப்புல? ரேடியோ. நிறுத்தவே முடியாதாம். போன வருஷம் டீச்சருங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டாங்க... அதான் சார் சொல்றேன், இப்ப பேசறதே இல்ல. ஒரு வார்த்தை இல்ல. வீட்லயும் இல்ல... என்ன ஆச்சுன்னு தெரியலயே! தெரிஞ்சுக்கத்தானே நேரம் கேக்கறேன்... இல்ல, முன்னேற்றம் இருக்கு. மொதல்ல கதவாண்டையே நின்னா. இப்ப நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உட்கார்றா... அதுக்குப் புள்ளி கிடையாது, ஆமா, தெரியும்... ஆமா சார், காத்திருக்கற பிள்ளைங்க இருக்காங்க. அவங்களையும்தான் தினம் பாக்கறேன். எனக்கு மட்டும் மனசில்லையா?... என்னது? நெஜமாவா? அவளே கேட்டா குடுப்பீங்களா? வாயால சொல்லணுமா... சார், அதுதானே அவளால... ஹலோ, ஹலோ, இருங்க, இருங்க, கூப்பிடறேன்!”

ரிசீவரைப் பொத்திக்கொண்டாள். குரல் குழைந்தது.

“தங்கம், இங்க வாடா. பயப்படாத. ஒரு சார் கேப்பாரு, இந்த ரூமுக்கு இன்னும் வரணுமான்னு. ஒனக்குத் தோணறதைச் சொல்லு. ‘வேணும்’னாலும் சரி, ‘வேணாம்’னாலும் சரி.”

ஒயர் குட்டை. பெண் மேசையோரம் ஒட்டி நின்றது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டது. உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. மறுபடி பிரிந்தது. மாடிப்படியில் பிள்ளைகள் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். மிஸ் தன் வாயையும் சேர்த்துத் திறந்துகொண்டு நின்றாள், சோறு ஊட்டுகிற தாய் மாதிரி.

ஒன்றும் வரவில்லை. மிஸ் ரிசீவரை மெல்ல வாங்கித் தன் காதில் வைத்தாள்.

“சார்... இருந்தா சார், லைன்லதான் இருந்தா... என்னது? அவளுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கறீங்களா? சார், அப்படி இல்ல! நீங்க கேட்டீங்களே அந்த அமைதி, அதுதான் நோவு. அதைத்தான் நான்... கேளுங்க... மேல இருந்து நெருக்கறாங்க, சரி. உங்களைக் குத்தம் சொல்லல. நீங்களும் பிள்ளை பெத்தவர்தானே... ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் குடுங்க, மறுபடியும் குடுக்கறேன், இதோ...”

அவசரமாக ரிசீவரைப் பெண்ணின் காதில் வைத்தாள். பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. முகமெல்லாம் சிவந்தது. பிறகு, பூட்டிக் கிடந்த கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு குரல்:

“வேணும்.”

மிஸ் அப்படியே அதைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபோதுதான் ரிசீவரிலிருந்து கொய்யென்று ஓடிக்கொண்டிருந்த ஒலி அவளுக்குக் கேட்டது. அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்கள்.

அவருக்கே திரும்பப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போல அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு பிள்ளை என்பதை எந்த வாயால் சொல்வாள் அவள்?

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கூரை அதிரக் கத்தட்டும், ஓயாமல் வாயாடட்டும். என்றைக்காவது அவர்கள் அடங்கிப்போனால், அவர்களுக்கு வார்த்தை வருகிறவரை வைக்காமல் காத்திருக்கிற காது ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நன்றாயிருங்கள்.